கோபம் யார் மேல்? – தேர்தலுக்குப் பிறகு வடக்கும் தெற்கும்

(பெருங்களத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்களவைத் தேர்தல் முடிவு வெளியாகும் நாளில் தொலைக்காட்சித் திரையில் இந்திய வரைபடம் நேரத்துக்கு நேரம் வண்ணம் மாறிக்கொண்டே இருக்கும். 2019இல் அந்த வரைபடத்தின் பெரும் பகுதி ஒரே நிறமாயிற்று. பாரதிய ஜனதா கட்சி தனியாகவே 303 இடங்களில் வென்றது. தமிழ்நாடோ வேறு நிறத்தில் நின்றது; பிறகு தேர்தல் நடந்த வேலூரையும் சேர்த்தால் 39இல் 38 இடங்கள் திமுக கூட்டணிக்கு. 2024 ஜூன் 4 அன்று அந்த ஓரிடமும் மிச்சமில்லை, 39க்கு 39. இரண்டு முறையும் அன்று மாலைக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. “வடக்கே இருக்கிறவனுக்கு ஓட்டுப் போடத் தெரியாது, மதத்தைப் பார்த்துப் போடுகிறான், அவன் போட்ட ஓட்டுக்கு நாம் விலை கொடுக்கிறோம்” என்று இங்கே சொன்னார்கள். “தமிழனுக்கு நாட்டுப்பற்று கிடையாது, இலவசத்துக்கு விலைபோகிறவன், நாடு ஒரு பக்கம் போனால் அவன் எதிர்ப்பக்கம் போவான்” என்று அங்கே சொன்னார்கள். டீக்கடையிலும் அலுவலகத்திலும் கைப்பேசியிலும் இரண்டு பேச்சும் இன்றுவரை ஓயவில்லை. இந்தக் கோபம் பொய்யானது என்று சொல்ல நான் வரவில்லை. அதில் பெரும் பகுதிக்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் அது தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கூட்டாட்சி அமைப்பில் இருக்கும் குறைகளுக்காக இன்னொரு மாநிலத்து வாக்காளரைத் திட்டுகிறோம். அப்படித் திட்டுவதால் அந்தக் குறைகள் தீர்வது மேலும் தள்ளிப்போகிறது. இதுதான் இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

இதைப் பேசுவதற்குப் பெருங்களத்தூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. பேரூராட்சியாக இருந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. இங்குள்ள குடும்பங்களில் பல விழுப்புரம், திருச்சி, மதுரை, நெல்லை என்று ஏதோ ஒரு சொந்த ஊரைச் சொல்லும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தெற்கே போகும் பேருந்துக்காக ஜி.எஸ்.டி. சாலையில் விடிய விடிய நின்ற கூட்டத்தை இந்த ஊர் ஆண்டாண்டாகப் பார்த்திருக்கிறது. இன்று தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு வங்கத்தின் சந்திராகாச்சிக்கும் அசாமின் சில்காட்டுக்கும் அங்கிருந்து ரயில் புறப்படுகிறது. முன்பதிவில்லாப் பெட்டிக்கு முன்னால் துணிமூட்டையும், பெயின்ட் டப்பாவில் அடைத்த பாத்திரமுமாக இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், ஊரப்பாக்கத்திலும் வண்டலூரிலும் அடுக்குமாடி எழுப்புபவர்கள், நம் தெரு முனை உணவகத்தில் தட்டு எடுப்பவர்கள் இவர்கள். நாம் “வடக்கு வாக்காளர்” என்று சொல்லும்போது அது எங்கோ இருக்கும் ஒரு கூட்டம் என்று தோன்றுகிறது. இந்த ஊரில் அவர் நம் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறார்.

முதலில் அந்த வண்ண வரைபடத்தையே பார்ப்போம். அது யார் வென்றார்கள் என்று காட்டுமே தவிர, மக்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று காட்டாது. 2024இல் தமிழ்நாட்டின் அத்தனை இடங்களையும் வென்ற கூட்டணி பெற்ற வாக்கு சுமார் 47 சதவீதம். அதிமுக மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, இடம் ஒன்றுமில்லை. பாஜக கூட்டணி சுமார் 18 சதவீதம் வாங்கியது. அதற்கும் இடம் ஒன்றுமில்லை. அந்த 18 சதவீதம் என்பது ஏறக்குறைய 80 லட்சம் தமிழர்கள். அவர்கள் வரைபடத்தில் இல்லை. இப்போது உத்தரப்பிரதேசத்துக்குப் போவோம். அதே தேர்தலில் அங்கே சமாஜ்வாதி கட்சிக்கு 37 இடம், பாஜகவுக்கு 33 இடம். பாஜக கூட்டணிக்கு வாக்களிக்காத உத்தரப்பிரதேச வாக்காளர்களின் எண்ணிக்கை, தமிழ்நாட்டில் அன்று பதிவான மொத்த வாக்கைவிட அதிகம். தெற்கை எடுத்துக்கொண்டால், ஐந்து மாநிலங்களின் 129 இடங்களில் 49ஐத் தேசிய ஜனநாயகக் கூட்டணி வென்றது. பாஜக 240 இடங்களில் நின்றுவிட்டபோது, ஆந்திரத்தின் தெலுங்கு தேசம் தந்த 16 உறுப்பினர்கள்தாம் பீகாரின் ஐக்கிய ஜனதா தளத்தோடு சேர்ந்து ஆட்சிக்குத் தோள் கொடுத்தார்கள். வடக்கு ஒன்றை நினைக்கிறது, தெற்கு வேறொன்றை நினைக்கிறது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். அதிக வாக்கு பெற்றவர் ஒருவரே வெற்றியாளர் என்னும் நம் தேர்தல் முறை, சிறிய வேறுபாட்டைப் பெரிய மதிலாக்கிக் காட்டுகிறது. அந்த மதிலை நாம் மக்களின் மனத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

வாக்காளரைத் திட்டும் இந்தப் பழக்கம் வடக்கு தெற்கு என்ற எல்லையோடும் நிற்பதில்லை. ராமர் கோயில் எழுந்த அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியில் 2024இல் சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத் வென்றார். அடுத்த சில நாட்கள் அயோத்தி மக்கள் சமூக ஊடகங்களில் வாங்கிய வசவு கொஞ்சமில்லை. நன்றி கெட்டவர்கள் என்றார்கள், அவர்கள் கடையில் ஒன்றும் வாங்காதீர்கள் என்றார்கள். திட்டியவர்களும் பெரும்பாலும் இந்தி பேசுபவர்கள், திட்டு வாங்கியவர்களும் இந்தி பேசுபவர்கள். தமிழ்நாட்டைப் பார்த்து எதைச் சொன்னார்களோ அதையேதான் அயோத்தியைப் பார்த்தும் சொன்னார்கள். ஆகவே இது மொழியின் சண்டை என்றோ இனத்தின் சண்டை என்றோ அவசரப்பட்டுத் தீர்மானிக்க முடியாது. தான் விரும்பாத தீர்ப்பைத் தந்தவர் தன்னைவிடத் தாழ்ந்தவர் என்று கருதும் மனநிலை இது. மக்களாட்சிக்கு இதைவிட ஆபத்தான மனநிலை வேறில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1977 தேர்தலைப்போல வடக்கையும் தெற்கையும் பிரித்த தேர்தல் இன்றுவரை வரவில்லை. நெருக்கடிநிலைக்குப் பிறகு நடந்த அந்தத் தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் 85 இடங்களில் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. பீகாரின் 54இலும் இல்லை. ஆனால் ஆந்திரத்தில் 42இல் 41, கர்நாடகத்தில் 28இல் 26 காங்கிரசுக்கு. தமிழ்நாட்டில் அதிமுகவோடு சேர்ந்து நின்ற காங்கிரஸ் கூட்டணி 39இல் 34ஐப் பிடித்தது. இன்று நாம் வடக்கைப் பார்த்துச் சொல்வதை அன்று வடக்கு நம்மைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்: பத்திரிகைச் சுதந்திரம் பறிபோனபோது, தலைவர்கள் சிறையில் கிடந்தபோது, தென்னாட்டார் அதற்குக் காரணமானவர்களுக்கே வாக்களித்தார்களே என்று. அந்தக் குற்றச்சாட்டு நியாயமா? இல்லை. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடும் குடியிருப்பு இடிப்பும் வடக்கே நடந்த அளவுக்கு இங்கே நடக்கவில்லை. 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டதை இங்கே பலர் எதிர்த்தார்கள், பலர் ஊழல் புகாரோடு சேர்த்துப் பார்த்தார்கள். எம்.ஜி.ஆரின் எழுச்சி என்று தனியாக ஒரு காரணமும் இருந்தது. மக்கள் தங்கள் கண்ணுக்கு எட்டிய அனுபவத்திலிருந்து வாக்களித்தார்கள். அந்த நியாயத்தை நமக்கு நாம் தந்துகொள்கிறோம் என்றால், 2019இல் வாக்களித்த பீகார் விவசாயிக்கும் அதையே தர வேண்டும். மூன்றே ஆண்டுகளில், 1980இல், அதே உத்தரப்பிரதேசம் காங்கிரசுக்கு 51 இடங்களைக் கொடுத்தது. ஒரு மாநிலத்தின் வாக்கு அதன் பிறவிக் குணமாக இருந்தால் இப்படி மாறாது.

அப்படியானால் இந்தக் கசப்பு ஏன் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு கூடியது? 1996 முதல் 2014 வரை டெல்லியில் தமிழ்நாட்டின் கை எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஐக்கிய முன்னணி ஆட்சியில் தமிழ் மாநில காங்கிரசும் திமுகவும் அமைச்சரவையில் இருந்தன. 1999 ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. 2004இல் தமிழ்நாட்டின் 39 இடங்களும் ஒரே அணிக்குப் போனதால் ஒன்றியத்தில் ஆட்சி மாறியது. அந்த ஆண்டுகளிலும் காவிரிச் சிக்கல் இருந்தது, நிதிக் குறை இருந்தது, ஈழத்தின் துயரம் இருந்தது. ஆனாலும் “நம் வாக்கு டெல்லியில் செல்லாது” என்ற எண்ணம் இருக்கவில்லை. 2014இல் அதிமுக 37 இடங்களில் வென்று மக்களவையின் மூன்றாவது பெரிய கட்சியாயிற்று. இருந்தும் ஆட்சி அமைக்க அந்த 37 பேர் தேவைப்படவில்லை, ஏனென்றால் பாஜகவிடம் 282 பேர் இருந்தார்கள். ஒரு மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமலே, அந்த மாநிலத்தைப் பொருட்படுத்தாமலே ஆட்சி அமைக்க முடிகிறபோது கசப்பு பிறக்கிறது. வடக்கத்தியர் 2014இல் திடீரென்று மாறிவிடவில்லை, நாமும் மாறிவிடவில்லை. நம் வாக்குக்கு டெல்லியில் இருந்த தேவை மாறிற்று.

இந்தக் காரணம் சரிதானா என்று சோதிக்க இந்தியாவுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனில் ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. 55 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். சிக்கல் அத்தோடு முடிந்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன், ஸ்காட்லாந்துக்குத் தரும் கூடுதல் அதிகாரத்தோடு, இங்கிலாந்துக்கான சட்டங்களில் இங்கிலாந்து உறுப்பினர்களுக்கே முதலிடம் என்ற பேச்சையும் முடிச்சுப் போட்டார். எட்டு மாதத்தில் வந்த 2015 பொதுத் தேர்தலில், ஸ்காட்லாந்துக் கட்சியின் பிடியில் நாடு சிக்கிவிடும் என்று இங்கிலாந்து வாக்காளரை அச்சுறுத்தும் சுவரொட்டிகள் முளைத்தன. முடிவு என்ன? ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56 ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு. ஸ்காட்லாந்தில் ஒரே ஓர் இடம் வைத்திருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை. “நாங்கள் தேர்ந்தெடுக்காத ஆட்சி எங்களை ஆள்கிறது” என்றார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். “தலைக்கு எங்களைவிட அதிகப் பணம் வாங்கிக்கொண்டு குறையும் சொல்கிறார்கள்” என்றார்கள் இங்கிலாந்துக்காரர்கள். அந்த 56 இடங்களுக்குப் பின்னால் இருந்த வாக்கு ஏறக்குறைய சரிபாதிதான். மறுபாதிக்கு மூன்றே இடங்கள். இரண்டே ஆண்டில் 56 என்பது 35 ஆயிற்று. 2024இல் ஸ்காட்லாந்தின் 57 இடங்களில் 37ஐத் தொழிற்கட்சி வென்றது. அக்கட்சியே லண்டனிலும் ஆட்சிக்கு வந்தது. இங்கிலாந்து உறுப்பினர்களுக்கு முதலிடம் தந்து 2015இல் கொண்டுவந்த விதியை 2021இல் நாடாளுமன்றமே கைவிட்டது. ஒரு பகுதி மக்களை இன்னொரு பகுதிக்குப் பூச்சாண்டியாகக் காட்டி வாக்கு வாங்கினால் தேர்தலில் வெல்லலாம், ஆனால் அதன் விலையை நாடு பல ஆண்டுகள் கொடுக்கிறது. நமக்கு அங்கிருந்து வர வேண்டிய பாடம் இதுதான்.

இனி நம் குறைகளுக்கு வருவோம், ஏனென்றால் அவை உண்மையானவை. முதலாவது பணம். ஒன்றிய அரசு மாநிலங்களோடு பகிரும் வரியில் தமிழ்நாட்டின் பங்கு பத்தாவது நிதிக்குழுவின் காலத்தில் 6.637 சதவீதமாக இருந்தது. பதினைந்தாவது நிதிக்குழு தந்தது 4.079. அதே குழு உத்தரப்பிரதேசத்துக்குத் தந்தது 17.939 சதவீதம், பீகாருக்கு 10.058. இந்த எண்களை மேடையில் கேட்டவுடன் நமக்கு உத்தரப்பிரதேசத்துக்காரர் மேல் கோபம் வருகிறது. ஆனால் இந்தப் பங்கைத் தீர்மானித்த சூத்திரத்தை அவர் எழுதவில்லை. வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை தந்தது ஒரு குழு. அதை ஏற்றது ஓர் அரசு. அதைவிடப் பெரிய அநீதி, செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் ஒன்றிய அரசு திரட்டும் தொகை மாநிலங்களோடு பகிரப்படுவதே இல்லை என்பது. அதில் பீகாருக்கும் பங்கில்லை, நமக்கும் பங்கில்லை. இழப்பு இருவருக்கும் பொது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது என்னும் கொள்கையையே எதிர்ப்பவர்கள், அதைத் தமிழ்நாட்டுக்குள்ளும் எதிர்க்க வேண்டியிருக்கும். செங்கல்பட்டிலும் சென்னையிலும் திரளும் வரிப் பணம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் போவதை நாம் தவறென்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பகிர்வு வேண்டும், நன்றாக ஆண்ட மாநிலத்தைத் தண்டிக்காத பகிர்வு வேண்டும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் உரக்கக் கேட்ட பிறகு, அந்தச் சாதனைக்குப் பதினைந்தாவது குழு 12.5 சதவீத எடை தந்தது. போதவில்லை என்பது உண்மை. ஆனால் சூத்திரத்தை நோக்கி வைத்த வாதத்துக்கு அந்த அளவுக்காவது பலன் கிடைத்தது. வாக்காளரை நோக்கி வீசிய வசைக்கு ஒரு பைசாவும் கிடைத்ததில்லை.

இரண்டாவது குறை இடங்கள். 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள்; 1967இல் 39. மக்கள்தொகை பெருகும் வேகம் குறைந்ததற்கு நாம் கொடுத்த விலை அது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே இந்த இழப்பைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பியது. 1976இன் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் இட எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தலைகளை மட்டும் எண்ணி இடம் பிரித்தால் தெற்கின் குரல் மேலும் சுருங்கும் என்ற அச்சத்துக்கு முழு நியாயம் உண்டு. இங்கே வடக்கிலிருந்து ஒரு மறுப்பு வரும், அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். 2024இல் ராஜஸ்தானில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 21 லட்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டில் 16 லட்சம். கேரளத்தில் 14 லட்சம். “உங்கள் வாக்கைவிட எங்கள் வாக்கு ஏன் மலிவாக இருக்க வேண்டும்” என்று ராஜஸ்தான்காரர் கேட்டால் என்ன பதில்?

அந்தக் கேள்வியின் கனம் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகப் புரிய வேண்டும். பெருங்களத்தூர் தாம்பரம் சட்டமன்றத் தொகுதியில், அதன் வழியாக ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. 2024இல் ஸ்ரீபெரும்புதூரில் சுமார் 23 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். நாகப்பட்டினத்தில் சுமார் 13 லட்சத்து 45 ஆயிரம். அதாவது இங்கே ஒருவர் போடும் வாக்கின் எடை, நாகையில் போடும் வாக்கின் எடையில் ஏறக்குறைய பாதி. குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் சுரங்கப்பாதைக்கும் மனுக் கொடுக்க நமக்கும் ஒரே ஓர் உறுப்பினர், அவர்களுக்கும் ஒரே ஓர் உறுப்பினர். இது அநீதி என்று நீங்கள் கருதினால், ராஜஸ்தான் வாக்காளரின் குறையும் நியாயமானதே. இதற்காக நாகப்பட்டினத்து மீனவரையோ உழவரையோ நீங்கள் கோபிப்பீர்களா? மாட்டீர்கள். எல்லை வரைந்தவர்களைத்தான் கேட்பீர்கள். அதே அறிவு மாநிலங்களுக்கு இடையிலும் வேண்டும். மனிதருக்கு மனிதர் சமம் என்பது ஒரு நியாயம். மாநிலத்துக்கு மாநிலம் தன் குரலை இழக்கக் கூடாது என்பது இன்னொரு நியாயம். கூட்டாட்சி நாடுகள் இரண்டையும் இரண்டு அவைகளில் வைத்துக் காப்பாற்றுகின்றன. அமெரிக்காவின் மேலவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடம். ஜெர்மனியின் மேலவையில் மாநிலத்துக்கு மூன்று முதல் ஆறு வாக்கு வரைதான். நம் மாநிலங்களவையோ பெரும்பாலும் மக்கள்தொகையையே பின்பற்றுகிறது: உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. உறுப்பினர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற விதியும் 2003இல் நீக்கப்பட்டது. மாநிலங்களின் அவை மாநிலங்களின் அவையாக இல்லாததால், முழுப் பாரமும் மக்களவைமேல் விழுந்து, அங்கே வாக்காளரும் வாக்காளரும் மோத வேண்டியிருக்கிறது.

இனி என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றைப் பார்ப்போம். “ஆட்சியைத் தேர்ந்தெடுத்தவர் வாக்காளர்தானே, ஆட்சி செய்யும் தவறுக்கு அவருக்குப் பொறுப்பில்லையா” என்று கேட்கலாம். பொறுப்பு உண்டு. ஆனால் அவர் வாக்களித்தது ரேஷன் அரிசிக்காக இருக்கலாம், சமையல் எரிவாயுவுக்காக இருக்கலாம், உள்ளூர்ச் சாதிக் கணக்குக்காக இருக்கலாம், தலைவர்மேல் கொண்ட நம்பிக்கைக்காக இருக்கலாம். தமிழ்நாட்டின் வரிப் பங்கைக் குறைக்க வேண்டும் என்று எண்ணி வாக்குச்சாவடிக்குப் போன கோரக்பூர்க்காரர் யாரும் இல்லை. நம் மாநிலத்தில் யார் எதற்காக வாக்களித்தார் என்று நமக்குத் தெரியும். அவ்வளவு நுணுக்கமாக நம்மைப் பார்க்கும் நாம், அவர்களை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பது நேர்மையாகாது.

“கோபப்படாமல் எதையும் பெற முடியாது, நிதானம் என்பது சரணாகதிக்கு மறுபெயர்” என்று இளைஞர்கள் சொல்லலாம். நம் சொந்த வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1963இல் பிரிவினைக் கோரிக்கைக்குத் தடை போட்ட 16ஆவது திருத்தம் வந்தபோது அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார்; ஆனால் கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார். அந்தக் காரணங்கள் மாநில சுயாட்சி என்ற வடிவம் எடுத்தன. 1969இல் ஒன்றிய, மாநில உறவுகளை ஆராய ராஜமன்னார் குழு அமைந்தது. 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசே 1983இல் அதே பணிக்குச் சர்க்காரியா ஆணையத்தை அமைக்க வேண்டி வந்தது. 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு ஆட்சிக் கலைப்புக்குக் கடிவாளம் போட்டது. இவை எல்லாம் கோபத்தில்தான் பிறந்தன. ஆனால் அந்தக் கோபம் சட்டத்தின் மொழியில் பேசியது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தி மாநிலங்கள் சிலவற்றின் தேர்தல் முடிவுக்குப் பிறகு, தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் மக்களவையில் அந்த மாநிலங்களை இழிவாகக் குறிப்பிட்டார். மறுநாளே வருத்தம் தெரிவித்துத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்த ஒரு சொல்லால் தமிழ்நாட்டின் நிதிக் கோரிக்கை, தொகுதிக் கோரிக்கை எல்லாம் பல நாள் விவாதத்திலிருந்தே மறைந்துபோயின.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இது: “நாடு முழுவதும் ஒரு திசையில் போகும்போது ஒரு மாநிலம் மட்டும் மாறி வாக்களிப்பது பிரிவினைக்கு அடையாளம்.” பிரிந்துபோக விரும்புகிறவர் வரிசையில் நின்று வாக்களிக்க மாட்டார். 2024இல் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு ஏறக்குறைய 70 சதவீதம். தேசிய சராசரி சுமார் 66. ஆளும் கட்சியை எதிர்த்து வாக்களிப்பதும் இந்திய நாடாளுமன்றத்தை நம்பி அளிக்கும் வாக்குத்தான். வெற்றி பெற்றவர்களை ஏற்காதவர்கள் நாட்டையே ஏற்காதவர்கள் என்றால், 1977இல் தெற்கும் 2004இல் நாட்டின் பெரும் பகுதியும் என்ன ஆவது?

வாக்காளர்மேல் வைக்கும் வெறுப்பு வெறும் பேச்சோடு முடிவதில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்ப வேண்டி வந்தது. பல தொழிலாளர்கள் அச்சத்தில் ரயில் ஏறினார்கள். பொய் அவ்வளவு எளிதில் நம்பப்பட்டதற்குக் காரணம், இரு பக்கமும் ஏற்கெனவே விதைத்து வைத்திருந்த வெறுப்பு. இந்த வெறுப்பின் மறுமுனையில் நாமும் நின்றிருக்கிறோம். 1960களின் பம்பாயில் “மதராசி” என்று துரத்தப்பட்டவர்கள் நம்மவர்கள். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் அடிபட்டவர்கள் நம்மவர்கள். இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாம்பரம் நடைமேடையில் நிற்கும் அந்த இளைஞரின் பெயர் பெரும்பாலும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. வாக்களிக்க வேண்டுமானால் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு இரண்டு நாள் பயணம் போக வேண்டும். இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க வகை செய்யும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன் வைத்தது. பல கட்சிகள் ஐயம் எழுப்பின, 2024இல் அது நடைமுறைக்கு வரவில்லை. எந்த வாக்குக்காக அவர்மேல் முகம் சுளிக்கிறோமோ, அந்த வாக்கை அவர் போட்டிருக்கவே மாட்டார்.

முடிவாக ஒரு கணக்கு. நாம் கேட்பவை தெளிவானவை: செஸ் வருவாயிலும் மாநிலங்களுக்குப் பங்கு, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக இடம் இழக்காத தொகுதி வரையறை, மாநிலங்களின் குரலாக இயங்கும் மாநிலங்களவை, 2016 ஜூலைக்குப் பிறகு 2024 தேர்தல்வரை ஒருமுறைகூடக் கூடாத மாநிலங்களிடை மன்றம் முறையாகக் கூடுவது. இவற்றில் முக்கியமானவற்றுக்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும். அதற்கு வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை மாற்ற வேண்டுமானால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். மக்களவையின் 543 பேரில் ஐந்து தென் மாநிலங்களுக்கு 129 பேர். அத்தனை பேரும் ஒன்றாக நின்றாலும் நம்மால் ஒரு திருத்தத்தை நிறைவேற்ற முடியாது. 543 பேரும் வாக்களிக்கும் அவையில் நமக்குக் கேடான ஒரு திருத்தத்தைத் தடுக்க 182 பேர் வேண்டும். அதுவும் நம்மிடம் இல்லை. வட மாநிலத்தவர் மிகுந்த நாடாளுமன்றம்தான் 1976இலும் 2001இலும் தெற்கின் இடங்களைக் காப்பாற்றும் திருத்தங்களுக்கு வாக்களித்தது. 2025 மார்ச் 22 அன்று தொகுதி வரையறை குறித்துச் சென்னையில் கூடிய கூட்டத்தில் கேரளமும் தெலங்கானாவும் கலந்துகொண்டன. பஞ்சாப் முதலமைச்சரும் வந்து அமர்ந்தார், ஏனென்றால் அவர் மாநிலத்துக்கும் அதே அச்சம் உண்டு. பீகாரும் உத்தரப்பிரதேசமும் நம் எதிரிகள் என்று சொல்லிச் சொல்லி அந்த மாநிலங்களின் வாக்காளரை நாமே எதிரியாக்கிக்கொண்டால், நாளை அவர்களுடைய உறுப்பினர்கள் நமக்காகக் கை தூக்க மாட்டார்கள். செஸ் பணத்தில் அவர்களுக்கும் பங்கு வர வேண்டும், அவர்கள் மாநிலத்தின் உரிமையும் நம்முடையதோடு சேர்ந்தே காக்கப்பட வேண்டும் என்று அவர்களுடைய மொழியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் இது. தமிழ்நாட்டின் உரிமையில் உண்மையான அக்கறை கொண்டவர், அடுத்த தேர்தல் முடிவு வரும் நாளில் வடக்கு வாக்காளரைத் திட்டுவதற்கு முன், அவருடைய வாக்கு நமக்கும் வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.